பின்பக்கத்துக் கடதாசி

புளோறன்ஸ் மச்சாள் செத்து எட்டாம் மாதம்
மானிப்பாய் வீட்டு அலுமாரி என் பொறுப்பில் வந்தது:
மூன்று பைபிள், காது கேட்கும் கருவி ஒன்று,
பிஸ்கற் தகரத்தில் முப்பத்தெட்டுப் பூ.

பூ என்பது அவ வைத்த பேர்.
நடுவில் ஒரு அறுகோணம், சுற்றி ஆறு.
சீத்தை, சட்டை வெட்டின மிச்சம்,
என் மனுசியின் பள்ளிக்கூட ரையில் ஒரு துண்டு.
போர்வையாக வேண்டியது.
ஆகவில்லை.

மெல்பேணிலிருந்து மருமகள் சொன்னாள்:
கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கோ மாமா,
எனக்கு ஆறு பூ காணும், அவசரமில்லை.
நூலகத்துப் பெடியன் வெள்ளைக் கையுறையோடு வந்தான்.
தொடாதேங்கோ ஐயா என்றான்,
நான் தொட்டுக்கொண்டிருக்கும்போதே.
மனுசி, கண் வெட்டிய கறுப்புக் கண்ணாடியோடு,
"மார்கழியில குளிருது" என்றாள்.
அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குத் தையல் வரும்.
தபால் கந்தோரில் முப்பத்தொரு வருஷம்
கிழிந்த பைகளைச் சணல் கோத்துத் தைத்தவன்.
பிரச்சினை பின்பக்கத்தில்.
ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு கடதாசி,
துணி விறைத்து நிற்க
நீட்டுத் தையலில் பிடித்தபடி.
முடிப்பதென்றால் கடதாசியை உருவ வேண்டும்.
உருவாமல் போர்த்தினால்
புரண்டு படுக்கும் ஒவ்வொரு தரமும் சரசரக்கும்.

பார்த்தேன்.
ஐந்தாம் வகுப்புச் சோதனைத்தாள், சிவப்பு மையில் ஒரு முட்டை.
சங்கக்கடைத் துண்டு: சீனி, மா, மண்ணெண்ணெய் இல்லை.
பிறகு நீல மை. ஒரே கை. சரிந்த எழுத்து.
"…ன்று நினைக்க வேண்…"
"கப்பல் திருகோண…"
அதோடு கண்ணை எடுத்துவிட்டேன்.

ஒருதரின் கடிதத்தையும் நான் பிரித்ததில்லை.
மழைக்குப் பசை இளகி
வாய் திறந்து கிடந்ததைக்கூட
ஒட்டித்தான் அனுப்பினேன்.
இது வெட்டின கடிதம். வெட்டினது ஆர்? உரியவவே.
வசனத்தின் நடுவால் கத்திரியை விட்டிருக்கிறா.
வாசிக்கக் கூடாதென்றா,
கடதாசித் தட்டுப்பாட்டுக்கா.
அந்த வருஷங்களில்
இரண்டுக்கும் ஒரே கத்திரிதான் இருந்திருக்கும்.

கடைசி ஏழு பூவின் நூல் வேறு.
மாச்சாக்கை உருவி எடுத்தது.
தடை இருந்த காலம், ரீல் நூலுக்கு எங்கே போவது?
இழுத்தால் அறும்.
அவை தகரத்துக்குள் திரும்பப் போகட்டும்.
பெடியனுக்கு ஏழு வெற்றி.

மற்றவற்றைத் தடவித் தடவிப் பார்த்ததில்
விரல்தான் முதலில் கண்டது:
நடுத்துண்டுகளில் கடதாசி இல்லை.
ஆறு பக்கமும் அயல் வந்து பிடித்தபின்
நடுவது தானாக நிற்கும்.
அவவே உருவி
அடுத்த பூவுக்கு வைத்திருக்கிறா.
சில கடதாசிகளில் ஊசித்துளை
இரண்டு சுற்று, மூன்று சுற்று.

ஒரு சிவப்புச் சீத்தைப் பூவில் மட்டும் எடுக்கவில்லை.
மறந்தாவோ என்னவோ.
நகத்தால் நெம்பினேன். வந்தது.
கடிதமில்லை, உறைத்துண்டு.
அரைவட்ட முத்திரை: "…ப்பாய்", கீழே பதினேழு.
மாதமும் வருஷமும் கத்திரியோடு போய்விட்டன.
பகரத்தின் மூலையில் மை திரண்டிருந்தது.
அந்த முத்திரைக்கட்டையின் பழுது
எங்கள் கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.
அடித்தது நானாயிருக்கலாம்.
நான்தான்.

மிச்ச நீல மையை என்ன செய்வது?
இன்னும் தெரியாது.
உருவும்போது குப்புற வைப்பேன்,
அது மட்டும் நிச்சயம்.

இரண்டு பூவை அருகருகே வைத்தேன்.
இடைவெளிக்கு ஒரு துண்டு குறைந்தது.
மனுசியின் பழைய சோட்டியில் ஒரு மூலை வெட்டி
அந்த உறைத்துண்டையே உள்ளே வைத்து மடித்தேன்,
நாலாவது சுற்றுத் துளைக்கு.

"நூல் கோத்துத் தரட்டோ?" என்றாள்
கறுப்புக் கண்ணாடிக்காரி.
நானே கோத்தேன்.
மூன்றாம் தரம்தான் போனது.